வட்டி கேட்காத கடன்

கடன் வாங்கியவர்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லி எண்பது தொண்ணூறு வருசமாக இங்கே சட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் கையில் எடுத்துவைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் கடன்பட்டவன் என்று யார் தெரிகிறான்? சேரியில் இருக்கிறவன் தெரிகிறானா?

1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடன்களில் ஏறிப்போய்க் கிடந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் நிலத்தில் பாத்தியதை உள்ளவன். பட்டாதாரன் விவசாயி, குத்தகைதாரன் விவசாயி. அவர்கள் காட்டில் ஏர் பூட்டி, கவலை ஓட்டி உசுரை விட்ட மாதாரிப் பண்ணையாள் விவசாயி ஆகவில்லை. பண்ணையக்காரருக்கு வட்டி தள்ளுபடி ஆயிற்று. பண்ணையக்காரரிடம் பண்ணையாள் பட்ட கடன் அப்படியே நின்றது.

2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஜனங்கள் வாயில் புழங்கிய பெயர்களையே சட்டத்தில் எழுதினார்கள். 3 வருசம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதற்கு 14 வருசம் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, மனு மேல் மனுக் கொடுத்துச் சலித்த ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகியது. புருசன், பொண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. 2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதி போட்டது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குப் போகக்கூடாது என்றது. வட்டிக்கு மட்டும் உச்சவரம்பு வைக்கவில்லை. 2025-ல் தமிழ்நாடு அரசு மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க இன்னொரு சட்டம் போட்டது.

இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் பார்ப்பது இரண்டைத்தான். வட்டி எவ்வளவு? வசூலுக்கு வந்தவன் எப்படி நடந்துகொண்டான்? கொங்கு நாட்டில் வட்டியே கேட்காத கடன் ஒன்று இருக்கிறது. அதற்கு வசூலுக்கும் யாரும் வாசலுக்கு வருவதில்லை. அதன் பெயர் பாக்கி.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் பாக்கி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேரும்போது ஓனர் ஒரு தொகை கொடுப்பார். வாரச் சம்பளம் தனி. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு, குழுக்கடன் தவணை என்று வரும்போதெல்லாம் நோட்டில் தொகை ஏறும். வேலையில் இருக்கிற வரைக்கும் "எங்கப்பா பணம்?" என்று கேட்கமாட்டார். வெளியே போகிறேன் என்று வாயைத் திறந்தால்தான் நோட்டைத் திறப்பார். "பாக்கிய வெச்சுட்டு எங்க வேணாப் போ." அந்தப் பணத்துக்கு ஏழை எங்கே போவான்? வேறொரு ஓனர் கட்டினால்தான் உண்டு. அப்போதும் கடன் தீரவில்லை. நோட்டு மாறுகிறது, கூடவே ஆளும் கை மாறுகிறான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வெளியே போக முடியாததால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூலி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளைக்கு 2,600. வருசத்துக்கு 31,200. வட்டியில்லாக் கடனுக்கு வருச வட்டி 62 சதவிகிதத்துக்கு மேல்! அசலில் ஒரு பைசா குறையவில்லை. ராத்திரி ஷிப்டை மறுக்க முடியாததற்கும், தார் சுற்ற வீட்டம்மாவையும் கூட்டிவர வேண்டியிருப்பதற்கும் எந்தக் கணக்கில் வட்டி எழுதுவது?

இதை அடிமைத்தனம் என்றால் அதிகாரிகளும் முதலாளிகளும் சிரிக்கிறார்கள். "விரும்பித்தானே வாங்குறாங்க, அவங்களே கேட்டு வாங்குறாங்க" என்கிறார்கள். கேட்டு வாங்குவது உண்மைதான். குமாரபாளையத்தில் ஆய்வு செய்து 1999-ல் எழுதிய கீர்ட் டி நேவ், ஆள் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தித் தொழிலாளர்கள் பாக்கி கேட்டு வாங்கியதையும், அதே பாக்கியை வைத்து அவர்கள் மாட்டப்பட்டதையும் சேர்த்தே பதிவு செய்தார். பின்னர் அவரும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூர் வட்டாரக் கிராமங்களைப் பார்த்து 2013-ல் எழுதியது நமக்கு இன்னும் முக்கியம். பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த தலித்துகள், ஊருக்குள் தறி வந்த இடத்தில் பாக்கிக்குக் கட்டுப்பட்டார்கள். காடு போய்த் தறி வந்தது, கட்டு போகவில்லை. பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போக முடிந்தவனுக்கு அந்தப் பிடி இல்லை. பக்கத்தில் திருப்பூர் இருந்தும், பாக்கி நிற்கிறவனுக்கு அந்த பஸ் இல்லை. அப்புறம் என்ன விருப்பம்?

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட வலுவான சட்டம். 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதலே அமலுக்கு வந்ததாக எழுதப்பட்டது. முன்பணம் வாங்கிய காரணத்தால் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை ஒருவன் இழந்தால் அது கொத்தடிமை என்கிறது. சங்கிலி வேண்டியதில்லை, அடி வேண்டியதில்லை. குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் கட்டுப்படுவதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தக் கடன் செல்லாது. வாங்கினால் வாங்கியவருக்குத் தண்டனை. 15-வது பிரிவோ இன்னும் ஒருபடி மேல். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். 1982-ல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

இவ்வளவு பல்லுள்ள சட்டம் ஏன் தூங்குகிறது? தாசில்தாரும் ஆர்டிஓவும் "கொத்தடிமை இல்லை" என்று எழுதுவதில் அக்கறையாய் இருப்பதால். 2016-ல் மாற்றிய மறுவாழ்வுத் திட்டம், முழுத் தொகையை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டதால். இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நாளைக்கே பாக்கி செல்லாது என்று ஆகிவிட்டால், நாளன்னைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் கடன் கொடுப்பார்? இந்தப் பயம்தான் நம்மாட்களின் வாயைக் கட்டுகிறது. பயம் நியாயமானது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களில் யார் யார் என்று ஆட்சியர் அலுவலகப் பலகையில் எழுது. அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சட்டம் கொடுத்த 3 இடத்தில் தறிக்காரனை உட்கார வை. பாக்கிக்கு ஆளைப் பிடித்து வைப்பவர்மேல் 1976 சட்டத்தோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் போடு. தாட்கோவும் கூட்டுறவுச் சங்கமும் நிலப்பத்திரம் கேட்காமல், கூலிக்காரனின் அவசரச் செலவுக்கு அவன் பெயரிலேயே கடன் கொடுக்கட்டும்.

கடன் வாங்கியவன் கடனைக் கட்டட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடனுக்கு ஆளையே கட்டிப்போடுகிற உரிமை எவனுக்கும் கிடையாது.