மொய் நோட்டில் சாமை விதை

இப்போது சில கல்யாணங்களில் தாம்பூலப் பையில் விதைப் பொட்டலம் வைக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், கடையில் வாங்கிய வீரிய ரகக் கத்தரி, வெண்டையாக இருந்தால் அதில் விதை எடுத்து மறுபடி போட்டால் அதே மாதிரி காய்க்காது. ஒரு போகத்தோடு சரி!

எங்கள் கொல்லிமலையில் சாமையிலேயே கட்டவெட்டி, திரிகுலா என்று பல ரகங்கள் உண்டு. சேகோ ஆலைக்கு மரவள்ளி போட்டால் கையில் காசு பார்க்கலாம் என்று சாமை, தினைக் காடுகள் மரவள்ளிக்கு மாறின. ஆண்களை மட்டும் குறை சொல்வானேன்? உரலில் சாமை குத்திக் கை காய்த்துப் போன நமக்கும் ரேஷன் அரிசி சௌகரியமாகத்தானே இருந்தது! எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கிக்கும், உமி நீக்கும் மெஷினுக்கும் உதவியதில் கொஞ்சம் மூச்சு வந்தது.

முளைப்பாலிகையில் நவதானியம் தெளிக்கிற நமக்கு, கல்யாணத்தில் விதை புதுசு இல்லையே. 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்பார். நம் மொய்யும் அப்படித்தானே? காடு கழனி உள்ள உறவுக்காரர்களுக்கு ஒரு படி சாமை விதை கொடுத்து நோட்டில் எழுதி வைப்போம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குள் அது இரண்டு படியாகட்டும்.

டவுன்காரர்களுக்கு விதை வேண்டாம். அலமாரியில் சும்மாதான் கிடக்கும். அவர்களுக்குப் பந்தியில் சாமைப் பாயசம் போதும். வெல்லம் மட்டும் தாராளமாக இருக்கட்டும்.

- ஒரு வாசகி, செம்மேடு, கொல்லிமலை.