சீமானுக்குச் சக்கரத்தில் மாளிகை. டிரைவருக்கு ஸ்டியரிங்கே தலையணை!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சக்கரம் பூட்டிய மாளிகைகள் உருண்டு வருகின்றன. உள்ளே கட்டில் உண்டு, மெத்தை உண்டு, ஏ.சி. உண்டு, அடுப்பு உண்டு, கழிவறையும் உண்டு. கேரவன் என்று அதற்குப் பெயர். கோவளத்தில் காலைக் காற்று, மாமல்லபுரத்தில் மாலைக் காற்று என்று சீமான்கள் வண்டியிலேயே குடியிருந்து கடல் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். கடற்காற்றை யாரும் விலைக்கு வாங்கிவிடவில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: அந்த மாளிகையை ஓட்டி வந்த டிரைவர் இரவில் எங்கே தூங்குகிறார்?

இதைக் கேட்டால் கனவான்களுக்குக் கோபம் வருகிறது. “உனக்குப் பொறாமை” என்கிறார்கள். பொறாமையா, நியாயமா என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நானூறு வருஷக் கூலி

ஜப்பானிலிருந்து முழு வண்டியாகவே கப்பலில் வந்து இறங்கும் ஆள் ஏற்றும் வண்டி டொயோட்டா வெல்ஃபயர். 2020-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது விலை 79½ லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் வந்த புது ரகத்தின் ஆரம்ப விலை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ரூபாய். பதிவுக் கட்டணமும் சாலை வரியும் தனி.

அதே 2023-24ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய். திருக்கழுக்குன்றத்திலோ மதுராந்தகத்திலோ ஒரு விவசாயத் தொழிலாளி ஆண்டுக்கு நூறு நாளும் தவறாமல் வேலை பெற்று, ஒரு பைசா தின்னாமல் சேர்த்தால், இந்த வண்டியை வாங்க 400 வருஷத்துக்கு மேல் ஆகும்! வெள்ளைக்காரன் சென்னையில் கோட்டை கட்ட வருமுன்பே அவனுடைய பாட்டன் பூட்டன் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

வண்டி வந்து இறங்கியதோடு செலவு நிற்பதில்லை. உதிரிப் பாகமும் கடல் கடந்து வர வேண்டும். உப்புக் காற்றில் நிறுத்தினால் அடித்தளம் துருப்பிடிக்கும். அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சீமான் வண்டிக்கு நல்ல தண்ணீர். குப்பத்துப் பெண்ணுக்குக் குடத்தோடு காத்திருப்பு! இதுவா பொறாமை?

மாளிகை கட்டுகிற கைகள் எவை?

ஆள் ஏற்றும் வண்டி தானாகவா வீடாகிறது? பட்டறையில் டிங்கர் இருக்கைகளைக் கழற்றுகிறான். வெல்டர் இரும்புச் சட்டம் அடித்துக் கட்டில் போடுகிறான். தச்சன் பலகை இழைத்து அலமாரி செய்கிறான். வயர்மேன் இரண்டாவது பாட்டரியையும், இன்வெர்ட்டரையும், கூரைமேல் சூரியத் தகடுகளையும் இணைக்கிறான். தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் அவன் கையாலேயே ஏறுகின்றன.

இதில் ஒவ்வொன்றிலும் அபாயம் இருக்கிறது. பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் வண்டியில் பெரிய பாட்டரி உண்டு. உயர் அழுத்த மின்சாரம் பாயும் வயர்கள் உண்டு. பயிற்சியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொட்டால் உயிர் போகும். தொட்டியும் கட்டிலும் ஏற ஏற எடை கூடும். பிரேக்கும் டயரும் அந்த எடைக்குத் தாங்க வேண்டும். காஸ் கசிந்தால் வெளியேற வழி வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தயாரித்த கம்பெனி வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியும் இருக்கிறது. கோடி ரூபாய் வண்டிக்காரனுக்கு 5,000 ரூபாய் ஓர் அபராதமா? ஷேர் ஆட்டோக்காரன் ஒரு பலகையைக் கூடுதலாகப் போட்டால் உடனே கண்ணில் படுகிறதே, இந்த மாளிகைகளின் அடித்தளத்தைக் குனிந்து பார்க்கும் கண் எங்கே?

வடகரையில் என்ன நடந்தது?

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் ஒரு கேரவன் நின்றது. உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். யார் அவர்கள்? வண்டியின் சொந்தக்காரரா? சுற்றுலா வந்த சீமான்களா? இல்லை. ஒருவர் டிரைவர், மற்றவர் உடன் வந்த ஊழியர். அலுத்துக் களைத்து ஏ.சி.யைப் போட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டரிலிருந்து கிளம்பிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று நிபுணர்களின் சோதனை கண்டது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவனுக்குத் தெரியாமலே ரத்தத்தில் கலந்து மூச்சை நிறுத்தும். அதைக் கண்டுபிடித்து மணி அடிக்கும் சிறு கருவி கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெத்தைக்குப் பணம் இருக்கிறது, பளபளக்கும் விளக்குக்குப் பணம் இருக்கிறது, உயிர் காக்கும் கருவிக்கு மட்டும் பணம் இல்லையா?

செங்கற்பட்டுத் தொழிலாளிக்கு வண்டி செய்யத் தெரியாதா?

“வெளிநாட்டு வண்டிதான் உயர்ந்தது” என்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? செங்கற்பட்டுக்காரனிடமா? வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு காரும், பின்னர் ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனும் நம் தொழிலாளிகளின் கையில் உருவாயின. 1980களின் இறுதியில் அந்த ஆலை மூடிப் போயிற்று.

பிறகு மறைமலை நகரில் அமெரிக்க ஃபோர்டு வந்தது. 1999-ல் ஐகான் காரில் தொடங்கி லட்சக்கணக்கான வண்டிகளை இந்த மாவட்டத் தொழிலாளிகள் செய்து கொடுத்தார்கள். கடல் கடந்த நாடுகளுக்கும் அவை ஏற்றுமதியாயின. 2021 செப்டம்பரில் “நஷ்டம், மூடுகிறோம்” என்று முதலாளி கைவிரித்தான். தகுந்த நஷ்ட ஈடு கேட்டு 2022-ல் தொழிலாளர் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு ஆட்டங் கண்டது. 2025-ல் அதே கம்பெனி எஞ்சின் செய்யத் திரும்பி வருவதாக அறிவித்தது, உற்பத்தி 2029-ல்தானாம்! இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிலாளியின் பிள்ளைகள் காற்றையா குடிப்பார்கள்?

அசெம்பிளி லைனில் நின்ற கைதேர்ந்த தொழிலாளி, ஆலை மூடியபின் டாக்சிக்கும் வேனுக்கும் டிரைவராகப் போகும் கதி வருகிறது. வண்டி செய்தவனே, வேறொருவன் செய்த வண்டியின் ஸ்டியரிங் மீது தலை சாய்த்துத் தூங்குகிறான்.

வண்டியையே வீடாகக் கொண்டவன் யார்?

உண்மையில், வண்டியில் குடியிருப்பது சீமான் கண்டுபிடித்த புதுமையல்ல. பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பாருங்கள். அவற்றின் டிரைவரும் கிளீனரும் மாதத்தில் பாதி நாள் வண்டியிலேதான் குடியிருக்கிறார்கள். காபினிலேயே படுக்கை, சாலையோரமே சமையல், முட்புதரே கழிவறை. சீமானுக்கு அது உல்லாசம்; தொழிலாளிக்கு அது தலைவிதி!

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, இரவில் தங்க ஓய்வறை என்றெல்லாம் எழுதினார்கள். எழுத்து காகிதத்தில் நின்றது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்து, அந்தப் பழைய சட்டத்தையும் அதற்குள் கரைத்துவிட்டார்கள். லாரி காபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதி வந்ததே 2025 அக்டோபரில்தான். அதுவும் அதன்பின் தயாராகும் லாரிகளுக்கு மட்டும். பழைய லாரியில் வேகிறவன் வெந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா?

ஆனால் கேரவனுக்கு வரவேற்பு! தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கை கேரவன் சுற்றுலாவுக்கு முன்னுரிமை தருகிறது. தொழில் வளர்ந்தால் வேலை வருமென்று சிலர் சொல்வார்கள். வரட்டும், வேலையை நாம் வெறுப்பவர்களல்ல. எப்படிப்பட்ட வேலை என்பதே கேள்வி.

“2021-ல் கேரளத்தில் இடதுசாரி அரசுதானே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது?” என்று மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஆம், தொடங்கியது. வடகரையும் கேரளத்தில்தான் இருக்கிறது. எந்த அரசு ஆண்டாலும் சரி, வண்டியில் தூங்கும் தொழிலாளியின் மூச்சுக்கு உத்தரவாதம் கேட்பது நம் கடமை. அதில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை.

நாம் கேட்பது என்ன?

சக்கரத்தை எதிர்த்து நாம் சண்டை போடவில்லை. ஒரு காலத்தில் உழைப்பவனும் குடும்பத்தோடு இப்படி ஊர் சுற்றி, பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய கற்கோயிலை ஆற அமரப் பார்க்கத்தான் வேண்டும். அதுவரை காத்திராமல், இன்றே சில கோரிக்கைகளை வைப்போம்:

வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு கேரவனிலும் நச்சுவாயுவைக் காட்டும் கருவி கட்டாயமாக்கப்பட வேண்டும். ஜெனரேட்டர், காஸ், மின் இணைப்பு மூன்றையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

டிரைவருக்கும் ஊழியருக்கும் வண்டிக்கு வெளியே படுக்கை, குளியல், கழிவறை தராத கேரவன் நிறுத்துமிடத்துக்கு லைசென்ஸ் கூடாது. சர்க்கார் மானியமும் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் லாரித் தொழிலாளர் தங்க இலவச ஓய்வறைகள் வேண்டும்.

பட்டறைத் தொழிலாளிக்குப் பயிற்சி, பாதுகாப்புக் கருவி, விபத்துக் காப்பீடு வேண்டும். விதி மீறிய மாற்றத்துக்குச் சொந்தக்காரனே பொறுப்பு; பழியைக் கூலிக்காரன் தலையில் கட்டக் கூடாது.

மில் தொழிலாளத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! லாரி டிரைவரும் பட்டறை வெல்டரும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தூக்கம் நம்முடைய பிரச்னை. கிராமந்தோறும், ஆலை வாசல்தோறும் இந்தக் கோரிக்கைகளைக் கொண்டு செல்வோம். கையெழுத்து வாங்குவோம்; மனுவோடு செங்கற்பட்டு கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு செல்வோம்!

மாளிகையை ஓட்டுகிறவனுக்குப் பாயும் காற்றும் கொடுக்காமல், அந்த மாளிகைக்கு ஒரு பைசா மானியமும் கொடுக்கக் கூடாது!