அழுக்கின் மேல் அடிக்கும் பெயிண்ட்

எங்கள் வீட்டு முன்னறை மின்விசிறி என் தகப்பனார் புதுச்சேரியில் இருந்தபோது வாங்கியது. அறுபது வயது ஆகிவிட்டது. சாயம் உதிர ஆரம்பித்ததால், சென்ற மாதம் பெயிண்ட் அடிக்கக் கொண்டு போனேன். கடைப் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், கழட்டினா வேலை ஜாஸ்தி. அப்படியே ஸ்ப்ரே அடிச்சுத் தர்றேன், புதுசு மாதிரி ஆயிரும்" என்றான். அடுத்த ஆட்டோவிலேயே விசிறியும் நானும் வீடு திரும்பினோம்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. "சீக்கிரம் கொடு" என்று அவனைப் பழக்கியது நாம்தான். அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இதைத்தான் பார்த்தேன். உள்ளே தாள் செல்லரித்துக் கிடக்கும். கோப்புக்கு மட்டும் புது அட்டை போட்டு மேசைக்கு மேசை நகர்த்துவார்கள்.

பிறகு மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவரை வைத்துப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் தெரிந்தது: உள்ளே போகும் ஒயரின் உறை வெடித்து, செம்பு வெளியே தெரிந்தது. இரும்புக் கூட்டுக்கும் அதற்கும் ஒரு நூல் இடைவெளி. அதன் நேர் கீழேதான் என் பேரன் பாய் விரித்துப் படுக்கிறான். ஸ்ப்ரே அடித்திருந்தால் பளபளவென்று அதையேதான் மறுபடி மாட்டியிருப்போம்.

பிரிப்பதற்கும் முறை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்தாலும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதை இறக்காமல் கை வைக்கக்கூடாது. இறக்கைகளுக்கும் அவை உட்காரும் இடங்களுக்கும் 1, 2, 3 என்று அடையாளம் போட வேண்டும். மாறினால் விசிறி ஆடும். மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் இடத்தில் ஒரு கோடு. எந்த ஒயர் எங்கே என்று தாளில் ஒரு படம். நாம் சுற்றுவதாகப் பார்ப்பது மோட்டாரின் வெளிக்கூடு. காயில் நடுவில் அசையாமல் நிற்கிறது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் காயிலின் மேல் பூச்சு கிழியும். மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். "துஸ்மான், துஸ்மான்" என்பார் எங்கள் பிரெஞ்சு வாத்தியார். மெதுவாக என்று பொருள். காயில் மேல் தின்னரோ மண்ணெண்ணெயோ படக்கூடாது, பிரஷ் போதும். பேரிங் உட்காரும் இடத்திலும் எர்த் ஒயர் தொடும் இடத்திலும் பெயிண்ட் படக்கூடாது.

பழைய பெயிண்ட்டைக் காயவைத்துத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சாயத்தில் எவ்வளவு ஈயம் இருக்குமோ! தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

"எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கப்பா" என்கிறான் மகன். நியாயம் உண்டு. பழையது 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாள் முழுக்க ஓடும் அறைக்குப் புதியதை நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் சர்க்யூட் போர்டு போனபோது உள்ளூரில் கை வைக்க ஆளில்லை. பழையதைத் திறந்து பார்க்க அண்ணாச்சி இன்னும் இருக்கிறார். நாம் வேலை கொடுக்காவிட்டால் அவரும் கடையை மூடுவார்.

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. மேலே ஒட்டும் லேபிளை அச்சடிப்பதும் அவர்கள்தான், உள்ளே மருந்து அடைப்பதும் அவர்கள்தான். ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால், மருந்து அறையில் மின்விசிறி இல்லாமல் வெந்து வேலை செய்கிறார்கள். லேபிள் அழகாக இருக்கிறது என்று அங்கே யாரும் உள்ளே பார்க்காமல் விடுவதில்லை.

அண்ணாச்சி புது ஒயர், புது பேரிங் போட்டு, மின்கசிவு சோதித்துக் கொடுத்தார். அதன் பிறகே பெயிண்ட். கூலி, கடைப் பையன் கேட்டதைப் போல மூன்று மடங்கு. பேரன் அதே இடத்தில்தான் தூங்குகிறான், நானும் தூங்குகிறேன்.