வாசலில் கேட்கும் கேள்வி

குழந்தைகளே, அப்பா வீடு திரும்பியதும் முதலில் என்ன கேட்பீர்கள்? "என்ன வாங்கி வந்தீங்க?" என்றுதானே!

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மீனவர் வீடுகளில் இந்தக் கேள்வி சில நாள் சுடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகும் வலையும் கறுத்தன. பல நாள் தொழிலே இல்லை. வெறுங்கையோடு வருகிறவரிடம் "இறால் கிடைச்சுதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேளுங்கள். வலையில் சிக்கெடுக்கும்போது ஒரு முனையைப் பிடியுங்கள். அம்மாவுக்காக உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள். கடன் தீராதுதான், அன்று இரவு வீட்டில் சண்டைச் சத்தம் குறையும்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் வாசலிலேயே "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்காதீர்கள்!