முதலில் காது, அப்புறம் எழுத்து

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "பையன் தமிழ் நல்லா பேசுவான் சார், படிக்கத்தான் வராது." உடனே ஒருவர் ரெண்டு கோடு நோட்டு வாங்கி அ, ஆ எழுத வைக்கச் சொல்வார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பச் சொல்வார். என் கட்சி வேறு. முதலில் கதை வாசித்துக் காட்டுங்கள், எழுத்து பின்னால் வரட்டும்.

திருநெல்வேலிக்காரனான எனக்கு இப்போது கோலார் தங்கவயலில் வேலை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் இது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள். இப்போது நிறைய அப்பா, அம்மாக்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். பிள்ளைகள் பலர் பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். வீட்டில் தாத்தா தமிழ்ப் பேப்பர் படிக்கிறார். பேரனுக்கு அது வெறும் கோடும் சுழியும்தான்.

இத்தனைக்கும் இது தமிழ்ப் பத்திரிகை நடந்த ஊர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்' ஆனது. அவர் 1914-இல் மறைந்தபின், 1920-களில் ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் தங்கவயலிலிருந்து பத்திரிகை நடத்தினார். அந்தக் காலத்தில் எழுத்தறிந்தவர்கள் குறைவு. ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பது தமிழர்களிடம் சாதாரணப் பழக்கம். எழுத்து தெரியாதவர்களுக்கும் எழுத்துத் தமிழ் புரிந்தது. காரணம், காது பழகியிருந்தது.

காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள். எழுத்துக் கூட்டும் திறன், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்வது. கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது :-)

"நம்ம பிள்ளைகள்தான் வீட்டில் தமிழ் கேட்கிறார்களே?" என்பீர்கள். கேட்பது பேச்சுத் தமிழ். வீட்டில் "உக்காந்தான்", புத்தகத்தில் "அமர்ந்தான்". வீட்டில் "சொன்னா", புத்தகத்தில் "கூறினாள்". இதைக் காதால் ஒருமுறைகூடக் கேட்காத பிள்ளை, கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டினாலும் வாக்கியம் கைக்கு வராது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் தமிழ்ச் செய்தியும் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிடும். நம் வீட்டில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

செய்வது சுலபம். தினம் பத்து நிமிஷம் போதும். புத்தகத்தில் உள்ளபடியே நிதானமாக வாசியுங்கள். முகம் சுருங்கினால் நிறுத்தி, பேச்சுத் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள். பாதியில் "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முடிந்ததும் அவன் பாஷையில் கதையைத் திருப்பிச் சொல்லட்டும், நடுவில் கன்னடமோ ஆங்கிலமோ வந்தால் வரட்டும். பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். அதே கதையைப் பத்தாவது முறை கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், சொற்கள் அப்படித்தான் ஒட்டும். புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

யூட்யூப் போதாதா என்றால், போதாது. படமே கதையைச் சொல்லிவிடுவதால் காதுக்கு வேலை குறைவு. பிள்ளை விழித்தால் அது நின்று விளக்கவும் செய்யாது.

கன்னடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பிழைக்க அது வேண்டும், நன்றாகவே படிக்கட்டும். கதையை முதலிலிருந்து கடைசிவரை பிடித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு எந்தப் பாஷைப் பாடமும் சுலபமாகும்.

ரயிலுக்கு ஓடும் அப்பா, அம்மாவுக்கு நேரமில்லை, சரி. தாத்தா, பாட்டிக்கு இருக்கிறது. ஊரில் இருந்தால் போனில் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்த அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களுக்குப் பிறகு வாசித்துக் காட்ட நம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.