மணல் கொட்டிய எஞ்சின்கள்



ஜாமெட்ரி பாக்ஸ் மூடி கழன்றால், "வேறு வாங்கித் தா" என்று அப்பாவிடம் அடம் பிடிப்பவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கா 'லிபரேட்டர்' என்ற குண்டுவீச்சு விமானத்தைத் தயாரித்தது. நான்கு எஞ்சின்கள், இறக்கைகளின் மொத்த நீளம் 110 அடி. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் பறந்தன. வெகுதூரம் போகும் என்பதால், அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடவும் அவற்றை அனுப்பினார்கள்.

ஆனால், அதில் போன வீரர்களுக்கு உள்ளூர பயம்தான். நடுப்பகுதியைக் கடக்க 9 அங்குல அகலத்தில் ஒரு பாதை. பாராசூட்டை மாட்டிக்கொண்டு அதில் நடப்பது பெரும்பாடு! பழுதாகிக் கடலில் இறங்கினாலோ, அடிப்பகுதி உடைந்து தண்ணீர் புகுந்துவிடும். 'பறக்கும் சவப்பெட்டி' என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

1945ல் போர் முடிந்தது. அமெரிக்காவிடமிருந்து பிரிட்டன் பெற்றிருந்த லிபரேட்டர்கள் பல கான்பூரில் நின்றன. இனி அவற்றை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கருவிகளை உடைத்தார்கள். எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சுதந்திர இந்தியாவிடம் அப்போது பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இல்லை. 1948ல், பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தினர் கான்பூர் போனார்கள். குப்பையாகக் கிடந்தவற்றில் தேறுபவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்றில் இல்லாத பாகத்தை இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டினார்கள். ஓரளவு பறக்கும் நிலைக்கு வந்ததும், ஜிம்மி முன்ஷி என்ற விமானி அவற்றை பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அதற்கு முன் அவர் லிபரேட்டரை ஓட்டியதே இல்லை!

பெங்களூரில் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, 40க்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன. 1968 வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், நம் விமானப்படையில் இருந்தன. மற்ற நாடுகளில் பெரும்பாலான லிபரேட்டர்கள் உலோகத்துக்காக உடைக்கப்பட்டுவிட்டன. அதனால், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திலேயே இன்று நிற்பது இந்தியா கொடுத்த லிபரேட்டர்தான்!

குண்டு போடும் விமானத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது உயிர்களைப் பறித்த இயந்திரம். புகழ் எல்லாம், 'முடியாது' என்று விட்டுவிடாமல் மணலைச் சுரண்டி எடுத்த கைகளுக்கே.

பொருள் மட்டுமல்ல குழந்தைகளே, சில சமயம் மனிதர்களையும் நாம் ஒதுக்கிவிடுகிறோம். கணக்கில் தோற்ற நண்பனை, 'இவன் தேற மாட்டான்' என்று முத்திரை குத்துகிறோம். இனி அப்படிச் சொல்லும் முன், அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பின்னங்களா, வாய்ப்பாடா? பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த ஜாமெட்ரி பாக்ஸையும் எடுத்து வாருங்கள். ஒரு சின்னக் கம்பி போதும், சரியாகிவிடும்!

அன்புடன்,
ஆசிரியர்