பேட்டரியில் வெந்நீர் காய்ச்சலாமா?

பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் சோலார் தகடும் இன்வெர்ட்டரும் வந்துவிட்டன. விளக்கு, ஃபேன், செல்போன் எல்லாம் ஓடட்டும், நல்லதுதான். அதே பேட்டரியில் ஹீட்டரைப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாங்கில் கணக்குப் பார்த்த பழக்கம் விடமாட்டேங்குது, பாருங்க.

12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முழுசா நிறைஞ்சிருந்தா 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியில் அடிக்கடி பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். இன்வெர்ட்டர் தின்றது போக, கைக்கு வருவது 0.8 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 0.1 யூனிட் ஆகும். காப்பிக்குப் பரவாயில்லை. அக்னி அஸ்திரத்துக்கு 20 லிட்டர் கோமியம் காய்ச்சணும்னா? ஆவியாகிப் போவதைச் சேர்க்காமலே 1.7 யூனிட்! அதுவுமில்லாம, 1,000 வாட் ஹீட்டர் 90 ஆம்பியர் போல இழுக்கும். சி10 பேட்டரி என்றால் 10 மணி நேரத்துக்கு 15 ஆம்பியர் வீதம் கொடுக்கச் செய்தது. அந்த வேகத்தில் உறிஞ்சினால் 0.8 கூட முழுசா வராது.

தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குது. அதைப் பேட்டரியில் அடைச்சு, திரும்பச் சூடாக்குவானேன்? கூரை மேல் வைக்கிற சோலார் வாட்டர் ஹீட்டர் வெயிலை நேரா தண்ணீருக்கே கொடுத்துடும். மாடு கட்டியிருக்கிற வீட்டில் சாண எரிவாயு இருக்கு. தென்னந்தோப்பில் கொட்டாங்கச்சிக்கா பஞ்சம்? (மட்டை மட்டும் மூடாக்குக்குப் போகட்டும்.) மின்சாரத்தில்தான் காய்ச்சணும்னா, பேட்டரி நிறைஞ்ச பிறகு, உச்சி வெயிலில், தகடு தாங்குகிற சின்ன ஹீட்டராப் போட்டு, பிளாஸ்கில் ஊத்தி வையுங்க.